பம்பாய்த் துறைமுகத்தில் இரண்டு மணி நேரம்

இக்காலத்தில் சித்திரை முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14 ஆம் தேதியிலேயே வருகிறது. நம் ஊர்களில் ஆண்டுப் பிறப்பு கொண்டாடப்படும் அதே காலை வேளையில், தீயணைப்பு நிலையங்களில் மட்டும் வேறொரு காட்சியைக் காணலாம். சீருடை அணிந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு மலர் வளையம் வைக்கப்படும். சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள். அன்று தொடங்கி ஒரு வாரம் தீத்தொண்டு வாரமாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளுக்கு வந்து மணல் வாளியையும் தீயணைப்பானையும் காட்டிச் செல்லும் அந்த ஊழியர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் ஏன் அந்த நாள், யாருக்காக அந்த மலர் வளையம் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. விடை 1944 ஆம் ஆண்டில், பம்பாயில் இருக்கிறது.

உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. ஃபோர்ட் ஸ்டிகைன் என்பது 7,142 டன் கொள்ளளவுள்ள சரக்குக் கப்பல். கனடா நாட்டின் பிரின்ஸ் ரூபர்ட் என்னும் ஊரில் 1942 இல் கட்டப்பட்டது. இது 1944 பிப்ரவரி 24 இல் இங்கிலாந்தின் பெர்க்கன்ஹெட் துறையிலிருந்து புறப்பட்டு, ஜிப்ரால்டர், போர்ட் சயீத் வழியாகக் கராச்சியை அடைந்தது. அப்போது அதன் வயிற்றில் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருள்கள் இருந்தன. குண்டுகள், நீர்மூழ்கி வெடிகள், கண்ணிகள் எனப் பல வகை. பெட்டிகளில் அடைக்கப்பட்ட போர் விமானங்களும் இருந்தன. இவை தவிர, 124 தங்கக் கட்டிகளும் இருந்தன.

கராச்சியில் சில சரக்குகள் இறக்கப்பட்டு, காலியான இடத்தில் வேறு சரக்குகள் ஏற்றப்பட்டன. அங்கே ஏற்றப்பட்டவை எவை என்று கேட்டால் வாசகர்கள் நம்பத் தயங்குவார்கள். 8,700 பஞ்சுப் பொதிகள், மசகெண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு, கந்தகம், மீன் உரம். எரியக்கூடியதும் வெடிக்கக்கூடியதும் ஒன்றுவிடாமல் நம் கப்பலில் ஏற்றப்பட்டிருக்கின்றன என்று கப்பல் தலைவர் நைஸ்மித் முறையிட்டிருக்கிறார். போர்க் காலத்தில் கப்பல் கிடைப்பதே அரிது. அவருடைய முறையீடு ஏட்டோடு நின்றது. இரண்டாம் எண் சரக்கறையில் அடியில் பஞ்சும் அதற்கு மேலே வெடிபொருளும் வைக்கப்பட்டன. அடுப்பில் விறகை அடுக்கி மேலே பானையை ஏற்றிவிட்டு, தீக்குச்சி ஒன்றுதான் பாக்கி என்பது போன்ற ஏற்பாடு.

ஏப்ரல் 12 இல் கப்பல் பம்பாயின் விக்டோரியா டாக்கினுள் வந்து கட்டப்பட்டது. வெடிமருந்து ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி உயர்த்த வேண்டும் என்பது துறைமுகங்களின் பழைய வழக்கம். இக்கப்பலில் அந்தக் கொடி பறக்கவில்லை. எதிரி விமானங்களுக்குக் குறி காட்டலாகாது என்ற போர்க்கால எண்ணம் அன்று பொதுவாக இருந்தது. கொடி இல்லாததால் அடுத்த கப்பலில் மூட்டை தூக்கியவனுக்குத் தன் அருகில் இருப்பது என்னவென்று தெரியவில்லை. வெடிபொருளை முதலில் இறக்கியிருக்கலாம். ஆனால் நாற்றம் தாங்க முடியாத மீன் உரமும் பழைய இரும்பும் முதலில் இறங்கின. இரண்டு நாட்கள் இப்படியே கழிந்தன.

14 ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி முதலே மெல்லிய புகை ஒன்று எழுந்ததைப் பக்கத்துக் கப்பல்களில் இருந்த சிலர் கண்டதாகப் பின்னாளில் சொன்னார்கள். கண்டவர்கள் தம் வேலையைப் பார்த்தார்கள். பகல் உணவுக்குப் பின் வேலையாட்கள் இரண்டு மணி அளவில் சரக்கறைக்குத் திரும்பிய பிறகுதான் தீ என்ற குரல் எழுந்தது. யாரோ அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு கருதப்பட்டது.

இங்கிருந்து நான்கு மணி ஆறு நிமிடம் வரை உள்ள காலத்தை நாம் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தீயணைப்புத் தொழிலைக் கற்பிப்பவர்களுக்கு இந்த இரண்டு மணி நேரம் ஒரு முழுப் பாடநூலுக்குச் சமம்.

கப்பலுக்கு அருகில் காவலாக இருந்த சிறு பம்புக் குழுவினர் உடனே வேலையைத் தொடங்கினார்கள். அக்குழுவின் தலைவர் தம் உதவியாளரைத் தொலைபேசிக்கு விரட்டி, வெடிபொருள் உள்ள இடத்தில் பெருந்தீ என்பதைக் குறிக்கும் தனிச் செய்தியைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லச் சொன்னார். ஓடியவர் கண்ட தொலைபேசியில் எண் சுழற்றும் வட்டே இல்லை. அவர் செய்யக்கூடியதைச் செய்தார். தெருவோரத் தீயறிவிப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தார். அந்தப் பெட்டி தீ என்று மட்டுமே சொல்லும். எதன் தீ என்று சொல்லாது. எனவே தலைமையகம் வழக்கப்படி இரண்டு வண்டிகளை மட்டும் அனுப்பியது. வந்தவர்கள் நிலைமையை அறிந்து மறுபடி செய்தி அனுப்பிய பின்னரே மற்ற வண்டிகள் விரைந்தன. ஒரு தொலைபேசியின் சிறு குறை இப்படி விலைமதிப்பற்ற நிமிடங்களைத் தின்றது.

பிறகு வந்தவர்கள் குறைவாக உழைத்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. முப்பதுக்கு மேற்பட்ட குழாய்கள் சரக்கறைக்குள் தண்ணீரைக் கொட்டின; கரையிலிருந்தும் தீயணைப்புப் படகுகளிலிருந்தும் மொத்தம் 900 டன்னுக்கு மேல் நீர் இறைக்கப்பட்டது. ஆனால் தீ எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. புகை அவ்வளவு அடர்த்தி.

பஞ்சுப் பேட்டைகளைக் கண்டவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதி கூரை போலப் பற்றி எரிவதில்லை. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். மேலே ஊற்றும் நீர் பொதியின் இதயத்துக்கு இறங்காது. போதாததற்குப் பொதி மிதக்கும். சரக்கறையில் நீர்மட்டம் ஏற ஏற, கனலும் பொதிகளும் மேலே எழுந்தன. மேலே இருந்ததோ வெடிமருந்து. தீயை அணைக்க ஊற்றிய நீரே தீயைத் தூக்கிக் கொண்டுபோய் வெடியின் அருகில் வைத்தது. கப்பலில் நின்ற நீர் கொதித்தது. அணைப்பவன் கையிலிருந்த ஒரே ஆயுதம் பகைவனுக்குத் துணையாயிற்று என்பதை நினைக்க நமக்கு இன்றும் மனம் கனக்கிறது.

பம்பாய்த் தீயணைப்புப் படையின் தலைவர் நார்மன் கூம்ஸ் அனுபவம் உள்ளவர். கப்பலின் பக்கத்தில் ஓரிடத்தில் வண்ணப்பூச்சு வெந்து கொப்புளித்தபோது, தீயின் இருப்பிடம் அதற்குப் பின்னால்தான் என்று கண்டார். அந்த இரும்புத் தகட்டை அறுத்துத் துளையிட்டு நேராக நீரைச் செலுத்த விரும்பினார். அது சரியான யோசனை. தகடு அறுக்கும் வாயுக் கருவி வந்தது, வேலை செய்யவில்லை.

இதற்கிடையே கரையில் நடந்ததுதான் மிகவும் வேதனையானது. வெடிபொருளை அறிந்த படைத்துறை அதிகாரி ஓபர்ஸ்ட், கப்பல் வெடித்தால் டாக் முழுவதும் போய்விடும், இதை மூழ்கடித்துவிடுங்கள் என்றார். டாக்கினுள் நீரின் ஆழம் போதாது, மூழ்கினாலும் சரக்கறை நீருக்குள் போகாது என்று பதில் வந்தது. துறைமுக நிர்வாகத்தினர் கப்பலை வெளியே கடலுக்கு இழுத்துச் சென்றால் நல்லது என்று கருதினார்கள். இழுத்தால் கரைக் குழாய்களெல்லாம் விலகிவிடும், நின்ற இடத்திலேயே போராடினால் அணைக்கலாம் என்பது தீயணைப்பாளர் எண்ணம். ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இதுதான் முடிவு என்று சொல்லும் அதிகாரம் அங்கே நின்ற ஒருவரிடமும் இல்லை. கப்பல் ஒருவர் பொறுப்பு. டாக் இன்னொருவர் பொறுப்பு. வெடிமருந்து படைத்துறையின் பொறுப்பு. தீ மட்டும் தீயணைப்பாளர் பொறுப்பு. பலர் கூடி யோசிக்கையில் காலம் எவருக்காகவும் காத்திருக்கவில்லை.

அபாயச் சங்கு ஊதப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். விமானத் தாக்குதலுக்கென்று நகரில் சங்குகள் இருந்த காலம் அது. இரண்டு மணி நேரத்தில் டாக்கையும் சுற்றுத் தெருக்களையும் பெருமளவு காலி செய்திருக்க முடியும் என்பது நம் துணிபு. அக்கம்பக்கத்துக் கப்பல்களில் சரக்கு இறக்கும் வேலை தொடர்ந்து நடந்தது. வேடிக்கை பார்க்கவும் கூட்டம் நின்றது.

மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்குத் தீச்சுடர் பீறிட்டு எழுந்தபோது, கப்பலை விட்டு அகலும்படி கட்டளை பிறந்தது. தீயணைப்பாளரும் ஒதுங்கினார்கள், ஆனால் குழாய்களைக் கைவிட மனமின்றிப் பலர் மீண்டும் தம் இடத்துக்கு வந்தார்கள் என்று எழுதுகிறார்கள். பதினாறு நிமிடம் கழித்து, 4.06 க்குக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த வீடுகளிலும் கண்ணாடிகள் நொறுங்கின. 1,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்லாவில் நிலநடுக்கக் கருவி அதிர்ச்சியைப் பதிவு செய்தது. ஏறக்குறைய 4,000 டன்னுள்ள ஜலபத்மா என்னும் கப்பலின் பின்புறம் தூக்கி எறியப்பட்டுக் கரையிலிருந்த கொட்டகையின் மேல் ஏறி நின்றது. 4.34 க்கு இரண்டாவது வெடிப்பு, இன்னும் பெரியது. எரியும் பஞ்சு மழையாகப் பொழிந்து, மாண்டவி, மஸ்ஜித் பந்தர் பகுதிகளின் கிடங்குகளையும் குடிசைகளையும் கொளுத்தியது. வணிகத்துக்காகப் பம்பாய் சென்ற நம்மவர் பலருக்கு இவை பழகிய தெருக்கள். மஸ்ஜித் பந்தரின் பெயர் நம் பள்ளிவாசலால் வந்ததன்று, 1796 இல் கட்டப்பட்ட யூதர்களின் தொழுகை இல்லத்தால் வந்தது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைப்போம்.

இறந்தவர் எண்ணிக்கை 800 முதல் 1,300 வரை பலவாறாகச் சொல்லப்படுகிறது. 80,000 பேர் வீடிழந்தார்கள். தீ கட்டுக்குள் வர மூன்று நாள் ஆயிற்று. ஐந்து லட்சம் டன் இடிபாட்டை அகற்ற 8,000 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள். போர்க்காலத் தணிக்கையால் இந்தியச் செய்தித்தாள்கள் மே மாதம் இரண்டாம் வாரம்வரை வாய் மூடியிருக்க நேர்ந்தது. ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலியோ மறுநாளே விரிவாகச் சொல்லிவிட்டது. ஒரு மைலுக்கு அப்பால் ஒரு வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு தங்கக் கட்டி விழுந்த கதையைப் பம்பாய்க்காரர்கள் இன்றும் விரும்பிச் சொல்கிறார்கள். தங்கத்தைப் பற்றிய கதைக்கு ஆயுள் அதிகம். அந்தப் பகலில் இறந்த தீயணைப்பாளர்கள் 66 பேர் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அவர்களுக்காகத்தான் ஏப்ரல் 14.

அவர்கள் ஏன் அவ்வளவு அருகில் நின்றார்கள்? அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அருகில் நிற்பதுதான் அவர்கள் கற்ற கல்வி. அந்தக் கல்விக்கு ஒரு வரலாறு உண்டு.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1824 இல் நகராட்சித் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டபோது, ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்னும் இருபத்து நான்கு வயது இளைஞர் அதன் தலைவரானார். அதுவரை தெருவில் நின்று சன்னல் வழியே நீரைப் பீய்ச்சுவதே தீயணைப்பு. புகைக்குள் பாய்ச்சிய நீர் சுவரையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் நனைக்குமே தவிர, தீயைத் தொடாது. பிரெய்ட்வுட் இதை மாற்றினார். கட்டடத்தினுள் புகு, தீயின் மூலம் எங்கே என்று கண்டுபிடி, அதன் மேல் நேராக நீரைச் செலுத்து. இதுவே அவர் கற்பித்த முறை. தனியே எவனும் உள்ளே போகக்கூடாது, இருவராகவே போக வேண்டும். புகையில் நிமிர்ந்து நிற்காதே, தரையை ஒட்டிய காற்றே சுவாசிக்கத் தக்கது என்பன போன்றவற்றையும் அவர் விதித்தார். ஓடு வேய்பவர், தச்சர், கொத்தர், கொல்லர் ஆகியோரையே படைக்குத் தேர்ந்தார். கட்டடத்தின் எலும்புகளை அறிந்தவர்கள் அவர்கள்தாமே. வாரந்தோறும் விடியுமுன் இருளில் பயிற்சி நடத்தினார். இருளில் பழகியவனுக்குப் புகை புதிதாக இராது, அந்நேரத்தில் தெருவில் கூட்டமும் இராது. 1830 இல் இவை பற்றி நூலும் எழுதினார். பின்பு லண்டன் மாநகரம் அவரை அழைத்துக்கொண்டது.

1861 ஜூன் 22 இல் லண்டன் ஆற்றுத்துறையை ஒட்டிய டூலி தெருக் கிடங்குகளில் தீப்பற்றியது. அங்கே இருந்தவை பஞ்சு, சணல், கொழுப்பு, வெடியுப்பு. பம்பாய்க் கப்பலின் சரக்குப் பட்டியல் நம் நினைவுக்கு வருகிறது. தீயைத் தடுக்க வைத்த இரும்புக் கதவுகள் திறந்தே கிடந்தன. களைத்திருந்த தம் ஆட்களைக் கவனிக்கச் சென்றிருந்த பிரெய்ட்வுட் மீது சுவர் சரிந்து விழுந்தது. அருகே செல் என்று உலகுக்குக் கற்பித்தவர் அருகே சென்ற இடத்திலேயே மடிந்தார். அவர் முறை பொய்யாகிவிடவில்லை. வீட்டுத் தீக்கு இன்றும் அதுவே முறை. ஆயினும் எங்கே அருகே செல்லக்கூடாது என்ற இரண்டாம் பாடத்தை, தொழில் தன் உயிர்களைக் கொடுத்தே கற்க வேண்டியதாயிற்று.

அந்தப் பாடம் பம்பாய்க்கு முன்னரே ஒருமுறை வந்துபோயிருந்தது. 1917 டிசம்பர் 6 இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறையில், வெடிமருந்து ஏற்றிய மோன் பிளான் என்னும் பிரெஞ்சுக் கப்பல் மோதலில் தீப்பற்றியது. மாலுமிகள் படகில் தப்பிக் கரைசேர்ந்து பிரெஞ்சு மொழியில் கூவினார்கள். கேட்டவர்களுக்கு அது புரியவில்லை. நகரத் தீயணைப்புத் தலைவர் எட்வர்ட் காண்டன் தம் படையோடு கப்பலருகே வந்து குழாயை இணைக்கையில் அது வெடித்தது. அவரும் அவர் துணைத் தலைவரும் உட்பட ஒன்பது பேர் அங்கே இறந்தார்கள். அக்கப்பலும் சிவப்புக் கொடி உயர்த்தியிருக்கவில்லை.

பம்பாய்க்குப் பின்னும் பாடம் கற்கப்படவில்லை என்பதற்கு 1947 ஏப்ரல் 16 சான்று. அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி துறையில் கிராண்ட்காம்ப் என்னும் கப்பலில் 2,000 டன்னுக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் உரம் இருந்தது. உரந்தானே என்று எண்ணினார்கள். தண்ணீர் ஊற்றினால் சரக்கு கெடும் என்று கப்பல் தலைவர், சரக்கறையை மூடி நீராவியைச் செலுத்தச் சொன்னார். காற்றை அடைத்துத் தீயை அவிப்பது நல்ல முறைதான், சாதாரணச் சரக்காக இருந்தால். இந்த உரமோ தீக்கு வேண்டிய உயிர்வாயுவைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. நீராவி அதை மூச்சுத்திணற வைக்கவில்லை, சூடேற்றியது. ஆரஞ்சு நிறப் புகையின் அழகைக் காண மக்கள் கூடினார்கள். காலை 9.12 க்கு வெடித்தது. அவ்வூர்த் தொண்டர் தீயணைப்புப் படையில் இருந்தவர்கள் 28 பேர். 27 பேர் இறந்தார்கள். ஒரு பெரிய நகரம் படையின் ஒரு பகுதியை இழப்பது வேறு. சிறிய ஊர் ஒன்று தன் படையை ஏறக்குறைய முழுவதுமாக ஒரே நொடியில் இழந்து நிற்பது வேறு.

இவற்றின் பின்னரே தொழிலின் முதல் கேள்வி மாறியது. எங்கே தீ என்பதற்கு முன் என்ன சரக்கு என்று கேட்கக் கற்றார்கள். சரக்கு தெரியும்வரை காற்று வரும் திசையில் தொலைவில் நில், தொலைநோக்கியால் பார், ஆளில்லாமல் நீர் பாய்ச்சும் பீரங்கிக் குழாயை நிறுத்திவிட்டு ஆட்களைப் பின்வாங்கு, களத்தில் கட்டளையிடுபவர் ஒருவராகவே இருக்கட்டும் என்பவை இன்று பயிற்சியில் இடம் பெறுகின்றன. நம் நாட்டிலும் 1956 இல் ராம்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி தொடங்கப்பட்டு, மறு ஆண்டே நாகபுரிக்கு மாற்றப்பட்டது. பின்வாங்குவதைக் கற்பிப்பது முன்னேறக் கற்பிப்பதைவிடக் கடினம் என்று நாம் நினைக்கிறோம். துணிவு உள்ளவன்தான் இத்தொழிலுக்கு வருகிறான். துணிவு உள்ளவனிடம் நில் என்று சொன்னால், அவனுக்கு அது அவமானமாகப் படுகிறது. குழாயை விட மனமின்றித் திரும்பி வந்த பம்பாய் வீரர்களை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்கிறோம்.

நெடுஞ்சாலையில் செல்லும் எரிவாயு லாரியின் பின்புறத்தில் ஒரு பலகையை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அதில் 1075 என்ற எண் இருக்கும். அது விலாச எண் அன்று. சமையல் எரிவாயுவுக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் பட்டியலில் உள்ள எண். பெட்ரோலுக்கு 1203. மேலே உள்ள சிறு குறியீட்டில் முதல் இலக்கம், நீரை எப்படிப் பாய்ச்சுவது, நுரையா, உலர்ந்த பொருளா என்று சொல்லும். கடைசியில் 'இ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் சுற்றிலும் மக்களை அகற்றுவது பற்றி உடனே எண்ணு என்பது பொருள். ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும், மொழி தெரியாதவராக இருந்தாலும், பலகை பேசும். 1989 ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் இதை நம் நாட்டில் கட்டாயமாக்கின. ஹாலிஃபாக்ஸில் புரியாமற் போன பிரெஞ்சுக் கூக்குரலும், பம்பாயில் பறக்காத சிவப்புக் கொடியும் இப்போது லாரியின் முதுகில் எழுதப்பட்டிருக்கின்றன.

எழுதப்படாத இடங்களும் இருக்கின்றன. 2015 ஆகஸ்டில் சீனத்தின் தியன்ஜின் துறைமுகக் கிடங்கு வெடித்தபோது, இறந்தவர், காணாமற் போனவர் 173 பேரில் தீயணைப்பாளர் மட்டும் 104 பேர். 2020 ஆகஸ்ட் 4 ஆம் தேதி மாலை பெய்ரூத் துறைமுகத்தின் பன்னிரண்டாம் எண் கிடங்கில் தீ என்று செய்தி வந்தது. கரந்தீனா நிலையத்திலிருந்து பத்துப் பேர் புறப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் முதலுதவி செய்யும் பெண். ஒரு கப்பலிலிருந்து 2014 இல் இறக்கப்பட்ட 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அதிகாரிகள் பலருக்கு அது தெரியும். கடிதங்கள் மேசைக்கு மேசை போய்வந்தன. வந்த பத்துப் பேருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கிடங்கின் கதவு பூட்டியிருந்தது. அவர்கள் அதைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அவர்களே எடுத்த படம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதில் மூவர் கதவின் அருகே நிற்கிறார்கள்.